சுத்தமாக வந்த பிக்: மெழுகு அடைத்த ஒரு எண்ணெய்க் குழாயின் நிகழ்வு ஆய்வு

கச்சா எண்ணெய் கொண்டுபோகும் ஒரு குழாய்ப் பாதையில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இங்கே எழுதுகிறேன். நிறுவனம், இடம், ஆட்கள் பெயர் எதுவும் வராது. அந்தக் குழாயின் ஓட்டத்துக்கு அப்போது பொறுப்பாக இருந்த பொறியாளர் நான்தான், கீழே வரும் தவறான முடிவுகளில் குறைந்தது இரண்டில் என் கையெழுத்து இருக்கிறது. எண்களை எல்லாம் தோராயமாக்கித்தான் கொடுத்திருக்கிறேன், கணக்கின் போக்கு மாறாத அளவுக்கு.

## குழாயும் அதில் ஓடிய எண்ணெயும்

ஒரு முனையில் கிணறுகளின் எண்ணெயைச் சேர்க்கும் நிலையம், மறுமுனையில் சேமிப்புத் தொட்டிகள் உள்ள முனையம். இடையில் 22 கிலோமீட்டர். 8 அங்குலக் குழாய், உள்விட்டம் கிட்டத்தட்ட 200 மில்லிமீட்டர், முழுக்க மண்ணுக்கடியில். துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சு உண்டு, சூட்டைக் காக்கும் உறை கிடையாது. 8-ஆவது கிலோமீட்டரிலும் 15-ஆவது கிலோமீட்டரிலும் வால்வு நிலையங்கள். இரண்டிலும் அழுத்தமானி உண்டு, ஆனால் ஆள் நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கட்டுப்பாட்டு அறைக்கு அந்த எண் வராது.

எண்ணெய் மெழுகு அதிகமுள்ள வகை. இந்தத் துறையில் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக: கச்சா எண்ணெயில் உள்ள நீளச் சங்கிலிப் பாரஃபின்கள், ஏறக்குறைய 18 கார்பனுக்கு மேற்பட்டவை, சூடாக இருக்கும்வரை கரைந்தே இருக்கும். ஆறும்போது ஒரு கட்டத்தில் படிகமாகப் பிரியத் தொடங்கும், அதுதான் மெழுகு தோன்றும் வெப்பநிலை. இன்னும் ஆறினால் எண்ணெய் ஓடவே ஓடாது, தயிர் உறைந்த மாதிரி நின்றுவிடும், அதைப் போர் பாயின்ட் என்கிறோம். முதல் எண் குழாய்ச் சுவரில் எங்கே படியும் என்பதைச் சொல்வது. இரண்டாவது எண், ஓட்டத்தை நிறுத்தினால் திரும்ப ஓட்ட முடியுமா என்பதைச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு "போர் பாயின்டுக்கு மேலதானே இருக்கோம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் களத்தில் நிறையப் பேர்.

எங்களிடம் இருந்த ஆய்வக அறிக்கை சொன்னது: மெழுகு தோன்றும் வெப்பநிலை 34 டிகிரி, போர் பாயின்ட் 24 டிகிரி. எண்ணெய் 58 டிகிரியில் கிளம்பும். குளிர் மாதங்களில் மண் 20 டிகிரி. ஆரம்ப வருடங்களில் ஒரு நாளைக்கு 2,400 கன மீட்டர் ஓடியது, அப்போது முனையத்துக்கு 40 டிகிரியில் வந்து சேரும். 34-க்கு மேலே 6 டிகிரி கையிருப்பு, அதனால் யாரும் கவலைப்படவில்லை. அழுத்த இழப்பு, அதாவது குழாயைக் கடப்பதற்குள் எண்ணெய் இழக்கும் அழுத்தம், மொத்தம் 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு).

வாரம் ஒரு முறை பிக் விடுவோம். பிக் என்றால் பன்றிதான், குழாய்க்குள் போகும்போது அது எழுப்பும் சத்தத்தால் வந்த பெயர் என்பார்கள். எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டுபோகும், போகிற வழியில் சுவரைத் துடைத்துக்கொண்டே போகும். எங்களுடையது மிருதுவான நுரை பிக், மெத்தைப் பஞ்சு மாதிரி. மாட்டிக்கொள்ளாது என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

## நாலு வருடத்தில் மெல்ல மாறியது

எண்ணெய் வயலுக்கு வயதாக ஆக உற்பத்தி குறைந்தது. நாலு வருடத்தில் ஓட்டம் 2,400-லிருந்து 1,400 கன மீட்டராக இறங்கியது. குறைவாக ஓடினால் குழாய்க்குச் சுமை குறைவு என்றுதான் யாருக்கும் தோன்றும். மெழுகைப் பொறுத்தவரை நேர் எதிர். முன்பு 7 மணி நேரத்தில் கடந்த தூரத்தை எண்ணெய் இப்போது 12 மணி நேரம் எடுத்துக் கடந்தது, அவ்வளவு நேரமும் மண்ணுக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே. வந்து சேரும் வெப்பநிலை 33 டிகிரிக்கு இறங்கியது.

மூன்றாவது வருடத்தில் இரண்டு புதுக் கிணறுகள் சேர்ந்தன, அவற்றின் எண்ணெயில் மெழுகு இன்னும் அதிகம். கலவையை மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்பினோம், திரும்பவும் 34 டிகிரி என்றே வந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. பிந்தித்தான் தெரிந்தது: மாதிரி ஒரு பீப்பாயில் பத்து நாள் கிடந்திருக்கிறது, ஆறிய எண்ணெயில் மெழுகு அடியில் தங்கிவிட்டது, மேலாக இருந்ததை மொண்டு அனுப்பியிருக்கிறார்கள். மெழுகுள்ள மாதிரியைப் பீப்பாயோடு நன்றாகச் சூடாக்கி, முழுக்கக் கரைத்து, கலக்கி, அப்புறம்தான் எடுக்க வேண்டும். ஆய்வகம் தனக்கு வந்ததைச் சரியாகத்தான் அளந்தது.

அந்த 34 டிகிரியை வைத்துக் கணக்குப் போட்டால், எண்ணெய் அந்த வெப்பநிலைக்கு இறங்குவது 20-ஆவது கிலோமீட்டரில். ஆக மெழுகு படிந்தாலும் கடைசி 2 கிலோமீட்டரில்தான், அதுவும் லேசாக. இந்த நம்பிக்கையில்தான் நான் பிக் இடைவெளியை வாரத்திலிருந்து மூன்று வாரமாக்கினேன். முதல் கையெழுத்து அது. பிக் சுத்தமாக வருகிறது என்பதும் அதற்கு ஒரு காரணமாகக் குறிப்பில் இருந்தது.

## நல்ல செய்தியாகத் தெரிந்த நாலு அறிகுறிகள்

இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குழாய் அடைத்துக்கொண்டு வந்த மாதங்களில் அது எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நாலு இடத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. நாலையும் நாங்கள் நல்ல செய்தியாகப் படித்தோம்.

முதலாவது அழுத்தம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அழுத்த இழப்பு 9 பார். ஆரம்பத்தில் 10 இருந்தது, இப்போது 9, அபாய மணி 15-இல் வைத்திருந்தது, எல்லாம் பச்சை. ஆனால் ஓட்டம் பழையதில் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியிருக்கும்போது சுத்தமான குழாய் 9 பார் காட்டவே கூடாது, நாலரை பார்தான் காட்ட வேண்டும். எண் மாறாமல் இருந்ததுதான் கோளாறு, மாறாததற்கு யாரும் மணி வைப்பதில்லை.

இரண்டாவது வெப்பநிலை. குளிர் மாதம் தொடங்கியும் முனையத்தில் எண்ணெய் எதிர்பார்த்ததைவிட ஒரு டிகிரிக்குச் சற்று மேல் சூடாக வந்தது. மண் ஈரம் குறைந்திருக்கும், ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று ஆளுக்கொரு விளக்கம். உண்மையில் மெழுகு நல்ல வெப்பத்தடை. குழாய் தனக்குத் தானே உள்பக்கமாக ஒரு கம்பளி போர்த்திக்கொண்டிருந்தது, அந்தக் கம்பளிதான் அந்த ஒரு டிகிரி.

மூன்றாவது பிக். முனையத்தில் பிக்கை வெளியே எடுக்கும் ரிசீவரைத் திறந்தால் நுரை பிக் கிட்டத்தட்ட போட்டபடியே வரும், கூடவே ஒரு வாளி, ஒன்றரை வாளி மெழுகு. குழாய் சுத்தம் என்று பதிவேட்டில் எழுதுவோம். நுரை பிக் தன் விட்டத்தில் பெரும் பகுதி சுருங்கி நெருக்கடியான இடத்திலும் நுழைந்து போய்விடும், அதன் நற்குணமே அதுதான். 200 மில்லிமீட்டர் குழாய் 165 ஆகச் சுருங்கியிருந்தாலும் அது அலட்டிக்கொள்ளாமல் போகும். மேலாக இருந்த புது மெழுகை மட்டும் வழித்துக்கொண்டு, அடியில் இறுகிய மெழுகை மெருகேற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நாலாவதுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. பிக் சீக்கிரமாக வந்துகொண்டிருந்தது. 1,400 கன மீட்டர் ஓட்டத்தில் 12 மணி நேரம் ஆக வேண்டும், பத்து மணி நேரத்திலேயே வந்துவிடும். எண்ணெய் பிக்கைத் தாண்டிக் கசிந்தால் பிக் தாமதமாகும், சீக்கிரம் வராது. சீக்கிரம் வருகிறது என்றால் ஒரே அர்த்தம்தான்: குழாயின் உள்கொள்ளளவு குறைந்திருக்கிறது. மொத்தம் 690 கன மீட்டர் கொள்ள வேண்டிய குழாய் 570-தான் கொள்கிறது. மீதி 120 கன மீட்டர் மெழுகு. இதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டியதில்லை, போட்ட நேரமும் எடுத்த நேரமும் போதும். அந்த நேரங்கள் எல்லாம் முனையத்தில் இருந்த மூத்த டெக்னீஷியன் ஒருவரின் நோட்டில் வரிசையாக எழுதியிருந்தன. கேட்டவர் யாருமில்லை.

## பிக் மாட்டிய நாள்

குழாய்ச் சுவரின் தடிமனை அளக்கும் அறிவார்ந்த பிக் ஓட்ட வேண்டிய வருடம் அது. அது விலை உயர்ந்த கருவி, உள்ளே மாட்டிக்கொண்டால் பெரிய தலைவலி, அதனால் முன்னோட்டமாக அளவுத் தகடு பொருத்திய பிக் ஒன்றை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். அலுமினியத் தகட்டின் விட்டம் குழாயின் மிகக் குறுகிய உள்விட்டத்தில் 95 சதவீதம், எங்களுக்கு 190 மில்லிமீட்டர். தகடு வளையாமல் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

கூட்டத்தில் அந்த டெக்னீஷியன் ஒன்று சொன்னார். "சார், நம்ம பிக் ரொம்பச் சுத்தமா வருது. அதுதான் எனக்குப் பிடிக்கல. இந்த எண்ணெய்க்கு இவ்வளவு சுத்தமா வரக்கூடாது. கொஞ்சம் கடினமான நுரை பிக் ஒண்ணு மொதல்ல விட்டுப் பார்ப்போமே." நல்ல யோசனைதான். ஆனால் ஆய்வுக் குழுவின் தேதி நெருங்கிவிட்டது, ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு நாள் போகும். நேராகவே அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். இரண்டாவது கையெழுத்து. நல்ல காலம், இரண்டு பக்கமும் ஓடக்கூடிய வட்டத்தட்டு பிக்கைத் தேர்ந்தெடுத்திருந்தோம். தொலைநோக்கு ஒன்றுமில்லை, கிடங்கில் அது இருந்தது, அவ்வளவுதான். இருக்குமிடம் காட்டும் டிரான்ஸ்மிட்டர் அதில் இல்லை.

காலை 6 மணிக்குப் போட்டோம். முதல் 10 கிலோமீட்டர் ஒன்றுமே தெரியவில்லை. பதினொன்றரை மணி வாக்கில் பம்பின் வெளியழுத்தம் ஏற ஆரம்பித்தது. மதியம் 1 மணிக்கு 21 பார். 2 மணிக்கு 34. 2.40-க்கு 42 பாரில் பம்ப் தானாக நின்றது. மறுபடி போட்டோம், பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது. முனையத்தில் ஓட்டம் பூஜ்யம்.

## முதல் மணிநேரங்கள்: இன்னும் தள்ளுவதா?

கட்டுப்பாட்டு அறையில் பெரும்பான்மைக் கருத்து தள்ளுவதுதான். குழாயின் அனுமதிக்கப்பட்ட அழுத்தம் 70 பார், நீர்ச் சோதனைக்கு வைத்திருந்த உயரழுத்த பம்ப் கையில் இருக்கிறது, 65 வரை கொண்டுபோகலாம் என்றார்கள். காகிதத்தில் தப்பில்லை.

வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பிக்கின் முன்னால் சேர்ந்த மெழுகு கட்டி ஈரப் பஞ்சு மாதிரி, பின்னாலிருந்து அழுத்த அழுத்த உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே பிழியப்பட்டு மெழுகு மட்டும் இறுகும், சுவரோடு பிடிக்கும் உராய்வும் கூடும். 42 பாருக்கு நகராதது 65-க்கு நகரலாம், ஆனால் ஐம்பது மீட்டர் நகர்ந்து இன்னும் கொஞ்சம் மெழுகைச் சேர்த்துக்கொண்டு மறுபடி நிற்கும், அப்போது நம்மிடம் மிச்சம் எந்த அழுத்தமும் இருக்காது. அப்போது ஒரு காகிதத்தில் போட்ட கணக்கு எல்லோரையும் அமைதியாக்கியது. சுவரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மெழுகு 20 கிலோமீட்டருக்கு இருந்தாலே, முழுவதும் பிக்கின் முன்னால் சேர்ந்தால் 400 மீட்டர் நீளக் கட்டி. எங்கள் குழாயில் இருந்தது ஒரு மில்லிமீட்டர் அல்ல.

மறுபக்கம் கடிகாரம். ஓட்டம் நின்ற எண்ணெய் ஆறிக்கொண்டே இருக்கும். இந்த அளவுக் குழாயில், மண்ணைவிட அதிகமாக இருக்கும் சூட்டில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு 11 மணி நேரத்தில் போய்விடும். முனையம் பக்கமாக 34 டிகிரியில் நிற்கும் எண்ணெய் நடுராத்திரி தாண்டினால் 25-ஐத் தொடும், போர் பாயின்டே 24. உறைந்த எண்ணெயைக் கிளப்பத் தேவையான அழுத்தத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: உறைவின் வலுவை நாலால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, விட்டத்தால் வகுக்க வேண்டும். 12 கிலோமீட்டருக்கு 10 பாஸ்கல் வலு என்றால் 24 பார். 50 பாஸ்கல் என்றால் 120 பார். நிஜத்தில் உறைவு கொஞ்சம் கொஞ்சமாக உடைவதால் அவ்வளவு வேண்டியிருக்காது, ஆனால் அந்தப் பரிசோதனையைச் செய்ய யாருக்கும் ஆசையில்லை. வட கடலின் ஸ்டாஃபா வயல் 1990-களில் திரும்பத் திரும்ப வந்த மெழுகு அடைப்பால்தான் கைவிடப்பட்டது. அந்தப் பெயரை அன்று மாலை இரண்டு பேர் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

ஆக, தள்ளவும் கூடாது, நிறுத்தி வைக்கவும் கூடாது. மிச்சம் ஒரே திசைதான், பின்னோக்கி.

அதற்கு முன் பிக் எங்கே என்று தெரிய வேண்டும். இரண்டு பேர் வண்டியில் வால்வு நிலையங்களுக்குப் போனார்கள். பம்பை 30 பாரில் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தோம். 8-ஆவது கிலோமீட்டர் மானி ஏறக்குறைய அதே 30 காட்டியது, 15-ஆவது கிலோமீட்டர் மானி 2-க்கும் கீழே. ஆக இடையில்தான். செலுத்திய கன அளவை வைத்துப் பார்த்தால் 12 முதல் 13-ஆவது கிலோமீட்டர். மறுநாள் இது சரிதான் என்று தெரிந்தது. அந்தப் பழைய முள் மானிகள்தான் அன்று உருப்படியான தகவல் தந்த ஒரே கருவி.

கடைசி 2 கிலோமீட்டரில்தான் மெழுகு என்ற எங்கள் நம்பிக்கை அந்த இடத்தில் உடைந்தது. குழாயின் நடுவில் ஏன் இவ்வளவு? படிவு உண்டாவது குளிரால் மட்டுமல்ல, வித்தியாசத்தால். நடுவில் ஓடும் எண்ணெய் சூடாகவும் சுவர் குளிர்ந்தும் இருக்கும் இடத்தில்தான் கரைந்த மெழுகு சுவரை நோக்கி ஊடுருவிப் போய்ப் படியும். எண்ணெயும் சுவரும் கிட்டத்தட்ட ஒரே குளிருக்கு வந்துவிட்ட கடைசிக் கிலோமீட்டர்களில் படிகங்கள் எண்ணெயோடு கலந்தே போகும், சுவரில் ஒட்டுவது குறைவு. குழாயின் மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிய நாங்கள் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

## பின்னோக்கி

முனையத்தில் இருந்த பம்ப் தொட்டி மாற்றுவதற்கானது, 12 பாருக்கு மேல் தராது. கிணற்றுப் பணிப் பிரிவிடம் லாரியில் பொருத்திய பம்ப் ஒன்று கேட்டோம், மாலை ஏழரைக்கு வந்து சேர்ந்தது. ரிசீவர் பக்கத்தில் இணைத்து, இணைப்பு முழுவதையும் அழுத்தச் சோதனை செய்து, இரவு 9.50-க்கு ஆரம்பித்தோம். முதலில் 60 கன மீட்டர் டீசல், அதன் பின்னால் முனையத் தொட்டியிலிருந்து சூடாக்கிய லேசான எண்ணெய். மேல் வரம்பு 35 பார் என்று எழுதி ஒட்டினோம், அதைத் தாண்டினால் நிறுத்திவிட்டு யோசிப்பது.

இது வேலை செய்யும் என்று நினைத்ததற்குக் காரணம் எளிது. பிக்குக்கு முன்னால் இருப்பது சுரண்டாத, நெருக்கமான, மெழுகு படிந்த குழாய். பின்னால் இருப்பது இப்போதுதான் அது சுரண்டிக்கொண்டு வந்த, சூடான, திறந்த வழி. முன்னால் போக மறுக்கும் கட்டி பின்னால் போகும்.

28 பாரில் நகர்ந்தது. அழுத்தம் ஒரே அடியாக 17-க்கு விழுந்தபோது அறையில் யாரோ கைதட்டினார்கள், குழாய் உடைந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு நிமிடம் வயிறு கலங்கியது. 8-ஆவது கிலோமீட்டர் வால்வில் நின்றவர் உள்ளே ஏதோ உரசிப் போகிற சத்தம் கேட்கிறது என்று அழைத்துச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். மொத்தம் 14 மணி நேரம், மறுநாள் மதியம் பிக், அதைக் குழாய்க்குள் போட்ட லாஞ்சருக்கே வந்து சேர்ந்தது. பின்னால் வந்த மெழுகுக் கூழை 4 அங்குலக் கிளைக்குழாய் வழியாகக் கழிவு எண்ணெய்த் தொட்டிக்குத் திருப்பினோம், கிளைக்குழாய் இரண்டு முறை அடைத்தது, சூடான எண்ணெயைச் சுற்றவிட்டுத் திறந்தோம். வந்த மெழுகு 9 கன மீட்டர். அளவுத் தகடு காகிதப் பூ மாதிரி மடங்கியிருந்தது.

## அந்த மெழுகுக்குள் இருந்தது

வெளியே எடுத்த கட்டிகள் நாங்கள் வாளியில் பார்த்துப் பழகிய பழுப்பு நிற, விரலால் அமுக்கினால் குழைகிற மெழுகு அல்ல. கறுப்பு, கத்தியால் வெட்ட வேண்டிய அளவுக்கு இறுகியது. படிந்த மெழுகு முதலில் எண்ணெய் நிறைந்த ஜெல்லியாகத்தான் இருக்கும். நாள் ஆக ஆக உள்ளே சிக்கிய எண்ணெய் வெளியேறி, கனமான பாரஃபின்கள் உள்ளே குடியேறும், கெட்டியாகும். வருடக்கணக்கில் நுரை பிக்கால் தொடப்படாத அடுக்கு அது. கூடவே நுண்மணலும் இரும்பு சல்ஃபைடு துகள்களும். மெழுகு பசை, இவை ஜல்லி. சுவரில் கான்கிரீட் போட்ட மாதிரிதான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஆபத்து நேர்ந்தது, இதையும் பதிவு செய்ய வேண்டும். லாஞ்சரிலிருந்து சுரண்டி எடுத்த கறுப்புக் கசடைத் திறந்த தட்டில் வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஓரம் காய்ந்து புகைய ஆரம்பித்தது. இரும்பு சல்ஃபைடு காற்று பட்டுக் காய்ந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பக்கத்திலேயே எண்ணெய். ஒருவர் கவனித்துத் தண்ணீர் ஊற்றினார், அதோடு போனது. ஈரமாகவே வைத்து, மூடிய கலனில், தனியாக எடுத்துப்போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. முப்பது மணி நேரம் தூங்காத ஆட்களுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

சூடாக்கிக் கலக்கிய புது மாதிரியின் முடிவு இரண்டு வாரம் கழித்து வந்தது. மெழுகு தோன்றும் வெப்பநிலை 43 டிகிரி. இதை வைத்துப் பார்த்தால் படிவு 10-ஆவது கிலோமீட்டரிலிருந்தே தொடங்குகிறது, அழுத்தம் ஏறத் தொடங்கியதும் கிட்டத்தட்ட அங்கேதான்.

## அடுத்த மூன்று மாதம்

என்ன செய்யலாம் என்று பல யோசனைகள் வந்தன. முழுக் குழாயையும் சூடாக்கி வைப்பது ஒன்று, ராஜஸ்தானின் மங்களா வயலிலிருந்து குஜராத் கடற்கரைக்குப் போகும் குழாய் சுமார் 670 கிலோமீட்டருக்கு அப்படித்தான் மின்சாரத்தால் சூடாக்கப்பட்டு ஓடுகிறது. அது அந்த வயலின் அளவுக்குத் தாங்கும், வடிந்துகொண்டிருக்கும் எங்கள் வயலுக்குத் தாங்காது. அசாம் எண்ணெய்க்கு 1960-களில் தொடங்கிச் செய்ததுபோல, 90 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கட்டுப்பாட்டோடு ஆறவைத்து மெழுகுப் படிகங்களின் வடிவத்தையே மாற்றி அனுப்பும் முறையும் பேசப்பட்டது. அது போர் பாயின்டைத்தான் இறக்கும், ஏற்கெனவே சுவரில் இருப்பதை ஒன்றும் செய்யாது. ஹீட்டரை ஏற்றலாம் என்றால், வெளிப்பூச்சு 60 டிகிரிக்கு மேல் தாங்காது.

கடைசியில் பொறுமைதான் வழி. சூடான டீசலோடு மெழுகைப் பிரிக்கும் ரசாயனம் கலந்து 10-ஆவது கிலோமீட்டரிலிருந்து ஊறவைப்பது, அப்புறம் 150 மில்லிமீட்டர் நுரை பிக், அது முழுசாக வந்தால் 160, அப்புறம் 170. ஒவ்வொரு அளவிலும் அழுத்தம் அடங்கும்வரை திரும்பத் திரும்ப. பிறகு நடுவில் துளையுள்ள தூரிகை பிக். அந்தத் துளை வழியாக எண்ணெயில் ஒரு பகுதி பிக்கை முந்திப் பாய்ந்து, முன்னால் சேரும் மெழுகைக் கலைத்துக் கரைசலாக்கி அனுப்பிவிடும், கட்டியாகச் சேர விடாது. பிக் மெதுவாகத்தான் போகும், அதனால் என்ன. எல்லாப் பிக்கிலும் டிரான்ஸ்மிட்டர். மூன்று மாதத்தில் 41 பிக். நடுவில் ஒன்று தொலைந்த மாதிரி ஆகி ஆறு மணி நேரம் தேடி, அது ரிசீவர் வால்விலேயே மாட்டிக் கிடந்ததைக் கண்டுபிடித்தது வேறு கதை.

அதே 1,400 கன மீட்டர் ஓட்டத்துக்கு அழுத்த இழப்பு 9-லிருந்து 5.2-க்கு வந்தது. நாலரைக்கு வரவே இல்லை. பிக் வந்து சேரும் நேரம் பதினொன்றரை மணி நேரம்.

## மாற்றியவை

பிக் இப்போது ஐந்து நாளைக்கு ஒரு முறை, நுரையும் தட்டும் மாறி மாறி. திரையில் வெறும் அழுத்தத்துக்குப் பதிலாக, இந்த ஓட்டத்துக்கு இந்த வெப்பநிலையில் சுத்தமான குழாய் எவ்வளவு காட்ட வேண்டும், இப்போது அதைப்போல எத்தனை மடங்கு காட்டுகிறது என்ற விகிதம் வருகிறது. மணி அதற்குத்தான், 1.3-இல். வால்வு நிலைய மானிகள் இரண்டையும் கட்டுப்பாட்டு அறைக்கு இணைத்தோம். மெழுகுத் தடுப்பு ரசாயனத்தை நிலையத்திலேயே, எண்ணெய் 58 டிகிரியில் இருக்கும்போதே செலுத்துகிறோம். படிகம் தோன்றிய பிறகு போட்டால் பெரிய பயன் இல்லை. ரிசீவரில் வரும் மெழுகை எடை போட்டு, கத்தியால் குத்திக் கெட்டித்தன்மையையும் குறிக்கிறோம். டெக்னீஷியனின் நோட்டு அலுவலகப் படிவமானது, அவர் வரைந்த கட்டங்களோடு அப்படியே.

இன்று மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால், ஓட்டம் குறைய ஆரம்பித்த முதல் வருடமே கொள்ளளவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். அளவுத் தகட்டை முதல் கடின பிக்கிலேயே பொருத்த மாட்டேன். இடைவெளியை நீட்டும் குறிப்பில் "பிக் சுத்தமாக வருகிறது" என்று இருந்தால், எந்த வகை பிக் என்று கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். பம்பால் மேலும் தள்ள வேண்டாம் என்ற முடிவில் மட்டும் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை, அன்று தள்ளச் சொன்னவர்களில் ஒருவர் 65 பாரில் போயிருக்கும் என்று இப்போதும் சொல்கிறார். இருக்கலாம்.

அறிவார்ந்த பிக்கை ஏழு மாதம் தாமதமாக ஓட்டினோம். 16-ஆவது, 17-ஆவது கிலோமீட்டர்களில், குழாய் தாழ்ந்து போகும் இரண்டு இடங்களில், அடிப்பக்கத்தில் வரிசையாக அரிப்புக் குழிகள். மெழுகும் மணலும் மூடிய அடுக்கின் கீழே தண்ணீர் தேங்கி அரித்திருக்கிறது, மேலே விட்ட துரு தடுப்பு மருந்து எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. ஒன்றில் சுவரின் பாதித் தடிமன் போயிருந்தது. இரண்டு இடத்திலும் தோண்டி, வெளியே எஃகு உறை போட்டு வெல்டிங் செய்து மூடினோம்.